குணமானவளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

1

போன வாரம் என் தங்கை பாவாயி செத்து ஒரு வருஷம் முடிந்தது. முறைப்படி திதி கொடுக்க வேண்டியவர்கள் அவள் புருஷன் வீட்டார். அவர்கள் கொடுக்க மாட்டார்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆகவே கடல் தாண்டி இருக்கிற நான், பினாங்கில் இந்த ஒன்றரை அறை வீட்டில், எனக்குத் தெரிந்த அளவில் ஓர் இலை போட்டேன்.

இங்கே காக்கைக்குச் சோறு வைக்கக்கூட மனுப் போட வேண்டும். நாங்கள் இருப்பது மாடியில். கீழே ஒரு சீனர் தேங்காய்க் கடை வைத்திருக்கிறார். சோறு வைப்பதானால் அவருடைய தகரக் கூரையில்தான் வைக்க வேண்டும். காலையிலேயே இறங்கிப் போய், "எங்கள் வீட்டில் செத்தவருக்குச் சாப்பாடு" என்று என் அரைகுறை மலாயில் சொன்னேன். நான் சொன்ன தினுசைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு புரிந்துகொண்டு ஏணியையே எடுத்துக் கொடுத்தார்.

மேலே வந்தால் இலைக்கு முன்னால் ஒரு போத்தல் நிற்கிறது. எங்கள் கம்பெனியின் டானிக் போத்தல். சேலைத் தலைப்பால் துடைத்தது போலப் பளபளவென்று, சீட்டு ஒட்டிய பக்கம் எங்களைப் பார்க்கும்படி வைத்திருந்தது. வைத்தவள் என் மகள் சரசு. ஏழு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழ் அவள் வாயில் விருந்தாளி மாதிரி வந்து போகிறது.

"இது எதுக்குடி இங்கே?" என்றேன்.

"போத்தல் அத்தைக்குத்தானே அப்பா சாமி கும்பிடுறோம்?" என்றாள்.

கை ஓங்கிவிட்டேன். என் மனைவி இடையில் வந்து பிடித்துக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. "வேற படம் இல்லையே அப்பா" என்றாள். அவள் சொன்னது நிஜம். பாவாயி உயிரோடு இருந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் போட்டோ பிடித்தார்கள். அந்தப் படம் இருப்பது அந்தப் போத்தல் சீட்டில்தான். என் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அதை ஒட்டி விற்கிற சர்க்கரைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் நான் பார்க்க வேண்டும். அன்று அந்தப் போத்தலை எடுக்காமலே சாப்பிட்டோம். 

2

அந்த மருந்தின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஓர் இலவச விளம்பரம். சேலம் ஜில்லாவில் இதைப் படிக்கிறவர்களுக்குப் பெயர் சொல்லவும் வேண்டியதில்லை. நீங்கள் "பினாங்கு மருந்து" என்று வாங்கிக் குடிக்கிற சிவப்பு டானிக்தான்.

அதைச் செய்கிற கம்பெனியின் விளம்பரப் பகுதியில் நான் பதினோரு வருஷம் தமிழ் குமாஸ்தாவாக இருந்தவன். கம்பெனிக் கட்டிடத்தை வந்து பார்த்தால் யாருக்கும் விஷயம் விளங்கிவிடும். மருந்து செய்வதற்குக் கொல்லைப் பக்கம் ஓர் அறை. அதில் ஒரு கிழவர் பெரிய அண்டாவில் சர்க்கரைப் பாகு, கொஞ்சம் சாராயச் சத்து, சீரக வாசனை, சிவப்புச் சாயம் எல்லாவற்றையும் ஊற்றி மரத்துடுப்பால் கிண்டுவார். அந்த மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பக்கம் மூன்று மாடி. மூன்று மாடியிலும் மின்சார விசிறி உண்டு. கிண்டுகிற கிழவருக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

போத்தலுக்குள் இருக்கிற சரக்கைவிடப் போத்தலின் விலை அதிகம். போத்தலைவிட அதன் மேல் ஒட்டுகிற நாலு வர்ணச் சீட்டு அதிகம். அந்தச் சீட்டையும் தூக்கிச் சாப்பிடும் மற்றச் செலவுகள். கேளுங்கள்: வீடு வீடாக இனாமாகக் கொடுக்கிற பஞ்சாங்கம். ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவே எங்கள் டானிக் இருக்கும். நல்ல நேரம் பார்க்கிறவன் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசச் சிவப்பு வர்ண டப்பா; டப்பாவின் மேல் எங்கள் பெயர். சந்தை தோறும் தம்பட்டமும் தகரக் குழாயும் வைத்த வண்டி. டாக்டர்மாருக்குச் சுவர்க் கடிகாரம், மெத்தை நாற்காலி, தீபாவளிக்குப் பட்டு வேஷ்டி. பத்திரிகைகளுக்குப் பின்னட்டைப் பணம். இந்தக் கட்டுரையை அச்சிடுகிற பத்திரிகையின் பின்னட்டையிலேயே அந்த மருந்து இருந்தால் திகைக்க வேண்டாம். அந்த இடத்துக்குப் பணம் அனுப்பும் கடிதத்தில் இருக்கிற கையெழுத்து என்னுடையதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மானேஜரிடம் ஒரு முறை அசட்டுத்தனமாகக் கேட்டேன்: "இவ்வளவு செலவில் ஒரு பங்கை மருந்துக்குப் போட்டால் என்ன?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "நல்ல மருந்தாக இருந்தால் நோயாளி ஒரு புட்டியோடு குணமாகி, வாங்குவதை நிறுத்திவிடுவான்" என்றார். அப்போது நானும் சிரித்தேன். சம்பளம் வாங்குகிறவன் மானேஜர் சிரித்தால் சிரிக்க வேண்டியதுதானே.

3

பாவாயியை வெண்ணந்தூரில் செங்கோடனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். மூன்று ஏக்கர் மேட்டு நிலம், ஒரு கிணறு. மோசமான ஆளில்லை, ஆனால் யார் அழுத்திப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவன். ஓர் ஐப்பசியில் பாவாயி சளியும் காய்ச்சலுமாக ஒரு மாதம் படுத்துவிட்டாள் என்று கடிதம் வந்தது. பாசத்தில் நான் இரண்டு புட்டி டானிக் பார்சல் செய்தேன். விலையில்லாமல் கிடைக்கிறது, வெறும் தண்ணீருக்கு இது தேவலை என்ற எண்ணம்தான்.

பார்சல் போய்ச் சேர்வதற்குள் மழை நின்று வெயில் வந்து, அவள் தானாகவே எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டாள். ஆனாலும் அண்ணன் அனுப்பிய மருந்தல்லவா? ஊர் வாத்தியாரிடம் சொல்லி இரண்டு வரி எழுதச் செய்தாள்: "நீங்கள் அனுப்பிய மருந்தைக் குடித்தேன். இப்போது தேவலை. வெசனப்பட வேண்டாம்."

அந்தக் கடிதத்தை ஆபீசில் பெருமையாகக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. மானேஜரின் கண் விரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு வரியை இருபது வரியாக்கி மேஜையில் வைக்கும்படி உத்தரவு. ஆக்கினேன். ஆறு டாக்டர்கள் கைவிட்டார்கள் என்று எழுதினேன். பாவாயி அதுவரை ஒரு டாக்டரையும் கண்ணால் பார்த்ததில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தாள் என்று எழுதினேன். மூன்றாம் புட்டியில் எழுந்து உட்கார்ந்தாள், பன்னிரண்டாம் புட்டியில் ஏற்றம் இறைத்தாள் என்றெல்லாம் கை கூசாமல் எழுதினேன். தங்கையைப் பற்றிப் பொய் எழுதுகிறோம் என்ற உறுத்தல் வரவில்லை. உரைநடை நன்றாக வந்திருக்கிறதே என்ற சந்தோஷம்தான் வந்தது. 

நம்பிக்கைக்காக ஒரு காரியம் செய்தேன். மற்ற நற்சாட்சிக் கடிதங்களில் "ஒரு மிராசுதார், தஞ்சை ஜில்லா" என்று மொட்டையாக இருக்கும். நான் முழு விலாசம் போட்டேன்: பாவாயி, செங்கோடன் சம்சாரம், ஊர், தபாலாபீஸ், ஜில்லா எல்லாம். இந்த ஊர் வழக்கத்தில் பத்து வருஷம் ஊறிப்போய்விட்டேன். பினாங்கில் விளம்பரத்தைப் படித்தவன் கடைக்குப் போவான். நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்பதை நான் மறந்துபோனேன்.

4

நம்மவர்கள் நேராக வெண்ணந்தூருக்கு வண்டி கட்டினார்கள்.

மாட்டை வாங்குவதானால் தாவணிச் சந்தையில் என்ன செய்கிறோம்? கயிற்றைப் பிடித்தவன் பேச்சை யாராவது கேட்கிறோமா? பல்லைப் பார்க்கிறோம், வாலை முறுக்குகிறோம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம். அதே கண்ணோடுதான் மருந்தையும் வாங்கக் கிளம்பினார்கள். மருந்தைப் பார்த்தால் என்ன தெரியும்? மருந்து குடித்து எழுந்தவளைப் பார்த்தால் தெரியும். எடப்பாடியிலிருந்து, ஜலகண்டாபுரத்திலிருந்து, அந்தப் பக்கம் ஆத்தூர் வரையிலிருந்து, வெறுங்கையோடு போகக் கூடாது என்று வெற்றிலையும் வாழைப்பழமும் தட்டில் எடுத்துக்கொண்டு, இருமுகிற தாயை, வெளுத்துப்போன மகளை வண்டியில் படுக்க வைத்துக்கொண்டு வந்தார்கள்.

முதலில் பாவாயிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒறம்பரை, யாரோ சொந்தக்காரர்கள், வந்ததாக எண்ணிப் பாய் விரித்து மோர் கொடுத்தாள். வந்தவர்கள் மோரைக் குடித்துக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். அவளோ அண்ணன் ஏதோ எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும், அண்ணன் வார்த்தை பொய்யாகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" போட்டாள்.

இந்தச் செய்தி பினாங்குக்கு வந்தபோது விளம்பரப் பகுதியில் கல்யாணக் களை. பேசுகிற சுவரொட்டி ஒன்று கிடைத்துவிட்டது என்று மானேஜர் துள்ளினார். பணம் தண்ணீராக ஓடியது. செங்கோடன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ஓடு மாற்றினார்கள். வருகிறவர்கள் உட்காரப் பந்தல் போட்டார்கள். பந்தலுக்குள்ளேயே சேலம் ஏஜெண்டின் ஆள் ஒருவன் புட்டிகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். செங்கோடனுக்கு மாதச் சன்மானம் என்று ஒன்று ஏற்பட்டது. அந்த நிலத்தில் அவன் வருஷமெல்லாம் கிடந்து புரண்டாலும் அந்தத் தொகை கைக்கு வராது.

சேலத்திலிருந்து போட்டோக்காரனும் வந்தான். அரண்மனை எழுதின திரை ஒன்றைத் தொழுவத்துச் சுவரில் மாட்டி, கம்பெனிச் சேலையைக் கட்டி, இரவல் நகையைப் பூட்டி அவளை நிறுத்தினான். கன்னம் ஒட்டியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் கொட்டைப்பாக்கு அடக்கிக்கொள்ளச் சொன்னானாம். படம் எடுத்தானதும் நகையை எண்ணிக் கழற்றிக்கொண்டு போனான். பாக்கை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

5

அதற்கு அடுத்த பங்குனியில் எனக்கு ஆறு வாரம் லீவு கிடைத்தது. வெண்ணந்தூரில் போய் இறங்கிய அன்று பந்தலில் எடப்பாடிக் கவுண்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மருமகள் வண்டியிலேயே சுருண்டு கிடந்தாள். பாவாயி கும்பிட்டபடி நின்றாள். சுண்ணாம்பு அடித்த சுவரும் அவளும் ஒரே நிறமாக இருந்தார்கள்.

கவுண்டர் மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. நாலு காசு போடறதுக்கு மின்னால கண்ணுல பாத்துப்போடலாமுன்னு வந்தமுங்க. ஒரு கொடம் தண்ணி சேந்திக் காட்டுனீங்கன்னா எங்களுக்கும் ஒரு நம்பிக்கை."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கிணற்றுக்குப் போனாள். ஆழமான கிணறு. ஒரு குடம் சேந்தினாள். கவுண்டர் அவளுடைய மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால் மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு, சிரித்த முகமாகக் குடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எளப்பே இல்லீங்களே!" என்று கவுண்டர் அசந்துபோனார். ஒரு டஜன் புட்டி வாங்கினார்.

வண்டி தெருவைத் தாண்டியதும் பாவாயி மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் ஓடினாள். நானும் போனேன். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு இருமினாள். இருமல் நிற்க நெடுநேரம் ஆயிற்று. தலைப்பை எடுத்துச் சுருட்டி மறைக்கப் பார்த்தாள். நான் பிடித்து விரித்தேன். ரத்தம்.

"எத்தன நாளா அம்மிணி இது?"

"தை மாசத்துல இருந்துங்ணா. ஒண்ணுமில்லீங்ணா, சூட்டுக்கு வாரது."

"நாளைக்கே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அய்யோ, வேண்டாமுங்ணா! நான் ஆசுபத்திரி வாசல்ல நிக்கறத ஒருத்தரு பாத்தாங்கன்னா உங்க பொழப்பு என்னாகறதுங்க? ஏஜெண்டு சொல்லியிருக்கறாருங்க. அக்கரச் சீமையில உங்களையும் அண்ணியையும் புள்ளையையும் நடுத்தெருவுல நிறுத்திப்போடுவாங்களாம்."

எனக்காகத்தான் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதே அவளைத் தூக்கி வண்டியில் போட்டிருந்தால் நான் மனுஷன். நான் என்ன செய்தேன்? யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊர் டாக்டரிடம் அழைத்துப்போனேன். ஆஸ்பத்திரி அல்ல, தனி டாக்டர். வாசலில் கூட்டமிருக்காது என்ற கணக்கு. அவர் குழாயை வைத்து முதுகிலும் மார்பிலும் கேட்டார். முகம் மாறியது. தலைமாட்டுச் சுவரில் எங்கள் கம்பெனி கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் எங்களுடையது. பாவாயியின் முகத்தைத் திரும்பப் பார்த்தார், மேஜை மேலிருந்த புட்டியைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நல்ல ஓய்வு வேண்டும். டானிக்கை விடாமல் சாப்பிடட்டும்" என்று சீட்டு எழுதினார்.

"என்ன நோய் என்று சொல்லுங்கள் ஐயா" என்றேன்.

"நீங்கள் கம்பெனி ஆள்தானே? உங்களுக்குத் தெரியாததா?" என்றார். கட்டணம் வேண்டாமென்றுவிட்டார். அந்தக் கட்டணத்தை நாங்கள் முன்னமே கொடுத்துவிட்டோம் அல்லவா?

செங்கோடனோடு சண்டை போட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நானென்ன பண்ணட்டுமுங்க மச்சான்? ஓட்ட மாத்திப்போட்டாங்க. சன்மானத்த நம்பிக் கெணத்தத் தூர் வாரக் கடன் வாங்கிப்போட்டேன்" என்றான். ஏஜெண்ட் சேலத்திலிருந்து ஓடிவந்தான். கையைக் கட்டிக்கொண்டு பேசினான். "சார், நானும் அக்கா தங்கச்சியோட பொறந்தவன்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு சொல்லல. ஆடிப் பதினெட்டு வரைக்கும் பொறுங்க. காவேரிக்கரைக் கூட்டத்துக்குத்தான் இந்த வருஷச் செலவே போட்டிருக்கு. அது முடிஞ்ச மறுநாள் நானே கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

நான் சரி என்றேன். பயந்துதான் சொன்னேன். பாவாயி என்னைச் சமாதானப்படுத்தினாள்: "ஆடி என்னுங்ணா, இதா வந்துரும்." எனக்கு லீவு முடிந்தது, கப்பலேறிவிட்டேன்.

6

ஆனியில் செங்கோடனிடமிருந்து தந்தி: "பாவாயி படுக்கை. உடனே வரவும்."

லீவுக்கு மனு எழுதினேன். எங்கள் ஆபீசில் நெருங்கிய உறவினர் நோய் என்று லீவு கேட்டால் டாக்டர் சர்டிபிகேட் இணைக்க வேண்டும். அதற்கென்று ஒரு பாரம் உண்டு. நோயாளியின் பெயர், வயது, விலாசம், நோய் என்று கட்டம் கட்டியிருக்கும். பெயர்: பாவாயி. விலாசம்: வெண்ணந்தூர். நோய் என்ற கட்டத்துக்கு வரும்போதே எனக்குப் பேனா ஓடவில்லை. அவள் பூரண சுகம் என்று நாலு பாஷையில் அச்சடித்த அதே ஆபீசுக்கு அவள் சாகக் கிடக்கிறாள் என்று நான் அத்தாட்சி கொடுக்க வேண்டும்.

பெரிய குமாஸ்தா பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தப் பெயரில் நோயாளி இருப்பதாக நம் ரிக்கார்டு ஒத்துக்கொள்ளாது. வேறு காரணம் எழுது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, யோசனையாகத்தான் சொன்னார். சொந்தத்தில் கல்யாணம் என்று எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு லீவு மூன்று மாதம் முன்னதாகக் கேட்க வேண்டும் என்று அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது தந்தி வந்துவிட்டது. ஆடி பிறக்க ஆறு நாள் இருந்தது.

தந்தியை எடுத்துக்கொண்டு மானேஜரிடம் போனேன். எழுந்து நின்று என் தோளைத் தொட்டார். "மிகவும் வருந்துகிறேன்" என்றார். உண்மையாகவே வருந்தினார் என்று நினைக்கிறேன். அப்புறம் உட்கார்ந்து, "செய்தி ஊரைத் தாண்டிப் போயிற்றா?" என்று கேட்டார்.

போகவில்லை. ஏஜெண்ட் போகவிடவில்லை. பறையடிக்காமல், உறவுக்காரர்களுக்கு ஆள் அனுப்பாமல், பொழுது விடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். அன்று காலை ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பழத்தட்டோடு வந்தவர்களை ஊர் எல்லையிலேயே மறித்து, "அம்மா தாய் வீடு போயிருக்காங்க, வெள்ளிக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டானாம். மாதக் கடைசியில் சேலம் ஏஜெண்டின் செலவுப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. பஞ்சாங்கம், தம்பட்டம், சுவர் எழுத்து. அவற்றோடு விறகு, கோடித்துணி, சுடுகாட்டுக் கூலி. எல்லாம் விளம்பரச் செலவு. சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போட்டேன். என் மேல் நானே காறித் துப்பிக்கொள்ள முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

7

வெள்ளிக்கிழமை பந்தலில் ஒரு பெண் நின்றாள். ராமாயி என்று பெயர். என் சித்தப்பா மகள். எனக்கு இன்னொரு தங்கை. பாவாயி படுத்தபோது பார்த்துக்கொள்ள வந்தவள். அக்காளின் சாயல் கொஞ்சம் உண்டு. ஏஜெண்ட் பேசிய பேச்சில் செங்கோடன் அவளைக் கட்டிக்கொண்டான். தாலி கட்டிய அன்றே பெயரும் போய்விட்டது. வருகிறவர்கள் "பாவாயி அம்மிணிங்களா?" என்று கேட்டால் அவள் "ஆமாங்க" என்கிறாள். அக்காளின் சேலை, அக்காளின் குடம், அக்காளின் கிணறு. பாவாயி உயிரோடு பந்தலில் நிற்கும்போது பாவாயிக்குத் திதி எப்படிக் கொடுப்பார்கள்? இதனால்தான் அந்த வீட்டில் இலை விழவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் ஒரு வருஷம் நான் அந்த மாடியில் விசிறிக்கடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன். என் மகள் இங்கே ராஜாவுக்கு வாழ்த்துப் பாடுகிறாள். வெண்ணந்தூர் எந்தத் திசை என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு இந்தப் படிப்பு வேண்டும், இந்த ஊர் வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அத்தை என்றால் போத்தல் என்று அவள் நினைத்ததில் அவள் குற்றம் ஒன்றுமில்லை.

திதிக்கு மறுநாள் ராமாயியின் கடிதம் வந்தது. வாத்தியார் எழுதிக் கொடுத்தது. அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறார்:

"அண்ணாவுக்கு ராமாயி கும்பிட்டு எழுதிக்கிறதுங்க. ஒரு மாசமா எனக்கு இருமலுங்க. ராத்திரியானா மேலு காயுது. ஏஜெண்டு ரெண்டு கரண்டி சேத்திக் குடிக்கச் சொல்றாருங்க. அக்காளுக்கும் இப்படித்தானுங்களே ஆச்சு? ஆசுபத்திரிக்குப் போலாமான்னு ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். ஆடிப் பதினெட்டு முடியட்டுமுன்னாருங்க. வாரவங்க தண்ணி சேந்தச் சொல்றப்ப கை நடுங்குதுங்க. எனக்குச் சாகப் பயமா இருக்குதுங்ணா."

அன்று மத்தியானமே வேலையை விட்டேன். பாராட்ட வேண்டாம், ஒரு வருஷம் பிந்திப்போன காரியம் இது. செங்கோடனுக்குத் தந்தி அடித்தேன். "யாவரும் சுகம்" என்று ஏஜெண்ட் விலாசத்திலிருந்து பதில் வந்தது. நான் புறப்பட வேண்டுமானால் கம்பெனி விடுதலைச் சீட்டுக் கொடுக்க வேண்டும். அதைக் காட்டினால் துறைமுகத்தில் அம்மை குத்தின சீட்டுக் கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் டிக்கெட். கம்பெனிக்காரர்கள் இப்போது என் சீட்டைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள், கிடைக்கவில்லையாம். கணக்குப் பார்த்தால் ஆடிப் பதினெட்டுக்கு முன் நான் வந்து சேர மாட்டேன். கடிதத்துக்கு மட்டும் எந்தச் சீட்டும் கேட்பதில்லை. இது எனக்கு முன்னால் உங்களிடம் வந்துவிடும்.

ஆகவே எடப்பாடியிலும் ஜலகண்டாபுரத்திலும் ஆத்தூரிலும் வண்டி கட்டத் தயாராக இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வெண்ணந்தூரில் யாரும் குணமாகவில்லை. அந்த இருபது வரியும் நான் எழுதிய பொய். படத்தில் இருப்பவள் செத்துவிட்டாள். பந்தலில் நிற்பவள் வேறு ஒருத்தி, அவளும் நோயாளி.

ஆனால் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். உங்கள் நோயாளியோடு வண்டியில் இன்னும் ஓர் ஆள் படுக்க இடம் விட்டுக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் பிழைக்க வைத்துவிடுவார்கள் என்று நான் எழுத மாட்டேன். ஒரு முறை எழுதினது போதும். என்ன நோய் என்றாவது அங்கே சொல்வார்கள். பந்தலுக்குள் போனதும் அவளைத் தண்ணீர் சேந்தச் சொல்லாதீர்கள். ராமாயி என்று கூப்பிடுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ஒரு வருஷமாகிறது, திரும்பிப் பார்ப்பாள். அண்ணன் அனுப்பினார் என்று சொல்லி, யார் தடுத்தாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, உங்கள் நோயாளியோடு அவளையும் சேலம் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுங்கள்.